மேற்படி முகவர்

சேவூர், ஆரணி
12.06.2024

அன்புள்ள இனியாவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். நானும் உன் அண்ணாவும் சுகம். அவருக்கு முட்டியில் இருந்த வலி இப்போது இடுப்புக்குக் குடிபோயிருக்கிறது. அதையும் சுகம் என்றே வைத்துக்கொள். நீ நைட் டூட்டி முடித்துப் பகலில் தூங்குகிறாயா, இல்லை பகலிலும் யாருக்காவது ஊசி போட்டுக்கொண்டிருக்கிறாயா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். உன் அண்ணா போனை ஸ்பீக்கரில் போட்டால் தெருவே பதில் சொல்கிறது. போன தடவை நீ பேசியதைக் கேட்டு எதிர்வீட்டு அகல்யா, "இனியா எளைச்சிட்டாப்போல கீது, கொரலே வரல" என்றாள். அது போக, என் தம்பி அன்பரசு பேர் வந்ததும் நாம் இரண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிடுகிறோம். அழுவதற்கு எதற்கு ரீசார்ஜ்?

உன்னைத் தனியாக விட்டுத் தம்பி போய் வருகிற ஆவணியோடு இரண்டு வருஷம். அவன் வீட்டையும் தறியையும் பார்த்துக்கொள்ள, நல்ல ஆள் வந்தால் விற்க, என் பேரில் பவர் எழுதிக் கொடுத்துவிட்டு நீ கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனாய். பொறுப்பாகத்தான் இருக்கிறேன். வீட்டு வரி கட்டியாயிற்று. கரண்ட் ஆபீஸில் பேர் மாற்றியாயிற்று. போன வாரம் ஒருவர் வீடு பார்க்க வந்தார். நல்ல மாதிரிதான். ஆனால் தறியை எடுத்துவிட்டு வெறும் வீடாகக் கொடுக்கச் சொல்கிறார். அன்பரசு இழை இழையாகக் கட்டி ஏற்றிய அரக்கு நிறப் பாவு இன்னும் தறியில் இருக்கிறதே. இத்தனை நாள் துணி போட்டு மூடி வைத்திருந்தேன், பாவு கொடுத்த முதலாளியும் பெரிய மனசு பண்ணிக் கேட்கவில்லை. போன மாதம்தான் மனசைத் தேற்றிக்கொண்டு நெய்ய உட்கார்ந்தேன். பாவு இருக்கும் தறியை அசைக்கக் கூடாது, அறுத்து எடுத்தால் வீட்டுக்கு ஆகாது. அந்தத் தறிக்குழியில் நீயும் கால் விட்டு உட்கார்ந்தவள்தான், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நெய்து முடிக்கிறவரை பொறுங்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வை.

லீலா


கோயம்புத்தூர்
25.06.2024

அன்புள்ள அண்ணிக்கு,

இனியாவின் வணக்கம். அண்ணாவின் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், கடையில் விற்கிற களிம்பையெல்லாம் நம்ப வேண்டாம். போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்துவிட்டேன். எங்கள் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருக்கும் மணவாளன் என்பவர் வீட்டிலிருந்து கஞ்சி வந்தது. இப்போது எழுந்து நடமாடுகிறேன்.

பாவை நெய்து முடித்ததும் வீட்டையும் முடித்துவிடுங்கள் அண்ணி. பணத்துக்கு அவசரம் இல்லை. அந்த வீட்டுச் சாவி ஒன்று என் பையிலேயே கிடக்கிறது. டூட்டியில் பேனாவைத் தேடினால் அது கையில் வருகிறது. அப்புறம் அந்த இரவு முழுக்க எனக்கு வேலை ஓடுவதில்லை. வேறு காரணமும் உண்டு, நேரில் சொல்கிறேன். நேரில் வருவதுதான் தள்ளிக்கொண்டே போகிறது.

அண்ணாவுக்கு என் அன்பு. அகல்யாவிடம் நான் இளைக்கவில்லை என்று சொல்லுங்கள்.

இனியா


சேவூர்
02.08.2024

அன்புள்ள இனியாவுக்கு,

இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். ஒத்தடம் நன்றாகக் கேட்கிறது. கஞ்சி அனுப்பிய வீட்டுக்கு என் நன்றியைச் சொல். காய்ச்சல் வந்ததைக் காய்ச்சல் போன பிறகு எழுதுகிறாயே, நான் என்ன ஊராளா?

வீடு கேட்டவர் வேறு இடம் பார்த்துவிட்டார். போகட்டும், ஆடி மாதத்தில் யார் வீடு வாங்குவார்கள்? வந்தவாசியிலிருந்து ஒரு அரிசி வியாபாரி மட்டும் வந்தார். "ஜல்தியா ஒரு வெல சொல்லுமா, வண்டி நின்னுகினு கீது" என்றார். வீடு என்ன வெண்டைக்காயா? அந்த ஆளுக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை. நீயாக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டாய்.

மத்தியானம் இங்கே சோறாக்கி வைத்துவிட்டு அங்கே போய்த் தறியில் உட்காருகிறேன். டீ போட்டால் கை தன்னால் இரண்டு டம்ளரை எடுக்கிறது. இரண்டையும் நானே குடிக்கிறேன். அதனால்தான் தூக்கம் வரவில்லை போலிருக்கிறது.

பாவு முடிந்ததும் எழுதுகிறேன். மழையில் நனையாதே.

லீலா


கோயம்புத்தூர்
25.08.2024

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். சுகமாக இருக்கிறேன். சாயங்காலத்துக்கு மேல் டீ குடிக்காதீர்கள், இதை நர்ஸாகச் சொல்கிறேன்.

அரிசி வியாபாரிக்குக் கொடுக்காதது சரிதான். ஆவணி பிறந்துவிட்டது, இனி ஆட்கள் வருவார்கள். பாவு இன்னும் எவ்வளவு மிச்சம்? ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று இந்தக் கடிதத்தை இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். ஒன்றும் இல்லை. இங்கே விடாமல் மழை பெய்கிறது, அவ்வளவுதான்.

அவர் போன நாளன்று கோயிலுக்குப் போய் விளக்குப் போடுகிறேன். நீங்களும் அங்கே போடுங்கள்.

இனியா


சேவூர்
26.10.2024

அன்புள்ள இனியாவுக்கு,

தீபாவளி வாழ்த்து. நீ வருவாய் என்று உன் அண்ணா அதிரசத்துக்கு மாவு இடிக்கச் சொல்லியிருக்கிறார். டூட்டி என்று சொல்வாய், தெரியும்.

வீட்டுக்கு ஆள் வருகிறார்கள், போகிறார்கள். ஒருவர் வாஸ்து பார்த்து, அடுப்படி சரியில்லை என்றார். அந்த அடுப்படியில் பொங்கித் தின்றுதான் நானும் தம்பியும் வளர்ந்தோம், எங்களுக்கு என்ன குறைந்துவிட்டது என்று கேட்டேன். மறுபடி வரவில்லை. நெசவும் மெதுவாகத்தான் போகிறது. இந்த மாம்பழ மஞ்சள் பாவில் மத்தியான வெயில் பட்டால் கண் கூசுகிறது, இரண்டு முழம் நெய்வதற்குள் கண்ணில் தண்ணீர். முந்தானை வேறு கிடக்கிறது. முடிந்ததும் தறியை எடுத்துவிடலாம், கவலைப்படாதே.

பட்டாசுக் காயத்தோடு வருகிற பிள்ளைகளை அதட்டாதே. நீ நல்லா இரு.

லீலா


சேவூர்
09.12.2024

திருமதி இனியா அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். தங்கள் நலம் அறிய ஆவல்.

தங்கள் வக்கீல் அனுப்பிய பதிவுத் தபால் கிடைத்தது. "மேற்படி முகவருக்கு வழங்கப்பட்ட அதிகாரம் இன்று முதல் முற்றிலும் ரத்து செய்யப்படுகிறது" என்று எழுதியிருந்தது. மேற்படி முகவர் யார் என்று உன் அண்ணாவைக் கேட்டேன். "நீதான்" என்றார்.

ரத்துப் பத்திரம் ஆரணி சார்பதிவாளர் ஆபீஸில் பதிவாகியிருக்கிறது. அப்படியானால் தாங்கள் ஆரணிக்கு வந்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். அங்கிருந்து சேவூருக்கு டவுன் பஸ் உண்டு.

வீட்டில் ஒரு சாமானும் குறையவில்லை. ஆள் அனுப்பிச் சரிபார்த்துக்கொள்ளலாம். சாவியை அகல்யாவிடம் கொடுத்து வைக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
மேற்படி முகவர்


கோயம்புத்தூர்
16.12.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. முதலில் திட்டிவிடுங்கள். "தங்கள்" மட்டும் வேண்டாம்.

வக்கீல் நோட்டீஸுக்கு முன்னால் என் கடிதம் உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். எழுதுகிறேன், எழுதுகிறேன் என்று நான் நாளைக் கடத்தினேன். அதற்குள் வக்கீல் தபாலில் சேர்த்துவிட்டார். தப்பு என்னுடையது.

வைகாசியில் தறியில் இருந்தது அரக்குப் பாவு. ஐப்பசியில் மாம்பழ மஞ்சள் என்று எழுதினீர்கள். குறுக்கே ஓடுகிற ஊடையை மாற்றலாம், பாவு நிறம் மாறுமா அண்ணி? அவர் ஏற்றிய பாவு எப்போதோ முடிந்துவிட்டது. முதலாளியிடம் புதுப் பாவு வாங்கி, பழைய பாவின் நுனியோடு பிணைத்திருக்கிறீர்கள். தறி வெறுமையாகிவிடக் கூடாது, வெறுமையானால் எடுக்க வேண்டும், எடுத்தால் வீட்டை விற்க வேண்டும்.

முதலில் கோபம்தான் வந்தது. என்னிடமே கதை விடுகிறார்களே என்று இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் பஸ்ஸில் வரும்போது, அத்தனை ஆயிரம் இழையையும் ஒவ்வொன்றாக விரலில் முறுக்கிச் சேர்க்க எவ்வளவு நேரம் குனிந்து உட்கார்ந்திருப்பீர்கள் என்று நினைத்தேன். அழுகை வந்துவிட்டது. கண்டக்டர் என்னம்மா என்று கேட்டார்.

அது உங்கள் அப்பா கட்டிய வீடு, நீங்கள் பிறந்த வீடு. அப்பா போனபோது உங்கள் பங்கைத் தம்பிக்கு விட்டுக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டீர்கள். அதை விற்கிற கையெழுத்தையும் உங்களிடமே கேட்டிருக்கிறேனே, எனக்கு அறிவு எங்கே போனது? அதனால்தான் ரத்து செய்தேன். உங்கள் மேல் சந்தேகம் என்று கனவில்கூட நினைக்காதீர்கள். விற்பதானால் நான் விற்கிறேன். நீங்கள் செய்ய வேண்டாம்.

ஆரணி வந்தும் வீட்டுக்கு வராததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை எழுத இன்னும் தைரியம் வரவில்லை. சாவி உங்களிடமே இருக்கட்டும்.

உங்கள் இனியா


சேவூர்
05.01.2025

அன்புத் தங்கச்சி இனியாவுக்கு,

குப்புராஜ் எழுதுவது. இடுப்பு தேவலை. நான் கடைசியாகக் கடிதம் எழுதியது கல்யாணத்துக்கு முன்னால் உன் அண்ணிக்கு, அதில்தான் மாட்டிக்கொண்டேன். அதனால் எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதம் வந்தது. படித்தாள், அரிசி டப்பா மேல் வைத்தாள், மறுபடி எடுத்துப் படித்தாள். தறிக்குப் போவதில்லை. மஞ்சள் பாவு முக்கால்வாசியில் நிற்கிறது. "இன்னாடி இப்டி பேஜார் பண்ணிகினு கீற, ரெண்டு வரி பதில் போடேன்" என்றேன். "இன்னான்னு எழுதறது?" என்கிறாள்.

அவள் உன்னிடம் சொல்லாததை நான் சொல்கிறேன். நீ வந்த அன்றைக்கு அகல்யா உன்னை ஆரணி பஸ் ஸ்டாண்டில் பார்த்திருக்கிறாள். ஒரு ஆள் உன் பையை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாராம். அதை வந்து சொன்னாள். உன் அண்ணி, "ஆஸ்பத்திரில கூட வேல செய்யறவரா இருக்கும், போய் உன் பொழப்ப பாரு" என்று அவளை விரட்டிவிட்டாள். அப்புறம் பின்பக்கம் போய் வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள்.

பவர் போனதற்காக அவள் அழவில்லை அம்மா. நீ போய்விடுவாய் என்று அழுகிறாள். நீ ஒரு துணை தேடிக்கொண்டால் எனக்குச் சந்தோஷம். அவளுக்கும் சந்தோஷம்தான், அது அவளுக்கே இன்னும் தெரியவில்லை.

இதை நான் எழுதியது அவளுக்குத் தெரியாது. பதிலை அவள் பேருக்கே போடு. பொங்கலுக்கு நல்லபடியாக இரு.

குப்புராஜ்


கோயம்புத்தூர்
10.01.2025

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கடிதம் வரும்போது பொங்கல் முடிந்திருக்கும். எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

அவர் பெயர் மணவாளன். மருந்தகத்தில் வேலை. நாற்பது வயதுக்கு இரண்டு மூன்று குறைவு, அம்மாவோடு இருக்கிறார். அதிகம் பேச மாட்டார், நாயைக் கண்டால் சாலையின் அந்தப் பக்கம் போய்விடுவார். என்னைக் கேட்டது போன சித்திரையில். அன்பரசுவைப் பற்றி அவரிடம் எல்லாம் சொன்னேன். நான் சரி என்று சொன்னது ஐப்பசியில்.

சரி என்று சொன்ன அன்றே உங்கள் ஞாபகம்தான் வந்தது. உங்கள் தம்பி வீட்டை உங்கள் கையாலேயே விற்க வைத்துவிட்டு நான் இன்னொரு வீட்டுக்குப் போவதா? ரத்து செய்ததற்கு நான் சொன்ன காரணம் நிஜம். இது சொல்லாமல் விட்ட மீதி.

அன்றைக்கு என்னோடு வந்தவர் அவர்தான். "அண்ணியப் பாத்துட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்" என்றார். சேவூர் பஸ்ஸில் ஏறினேன். டிக்கெட் வாங்குவதற்குள் இறங்கிவிட்டேன். உங்கள் முன்னால் வந்து நின்று என்ன சொல்வேன்? உங்களை என்னவென்று கூப்பிடுவேன்? அண்ணி என்பது அவர் மூலமாக எனக்குக் கிடைத்த உறவு. அந்த வீட்டை விட்டுப் போகிறவளுக்கு அந்த உறவு மிஞ்சுமா?

நீங்கள் வேண்டாம் என்றால் கல்யாணத்தை நிறுத்திவிடுவேன் என்று எழுதலாம். பொய்யாகிவிடும். நிறுத்த மாட்டேன். ஆனால் உங்கள் வாய்ச் சொல் இல்லாமல் எனக்கு அது கல்யாணமாக இருக்காது.

இனியா


சேவூர்
22.01.2025

அடி இனியா,

சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. பஸ்ஸில் ஏறிவிட்டு இறங்கினாயா? அங்கிருந்து நம் வீடு எவ்வளவு தூரம்? நான் என்ன உன்னைக் கடித்தா தின்பேன்? அன்றைக்கு மத்தியானம் வீட்டில் காராமணிக் குழம்பு. சாப்பிட்டுவிட்டாவது போயிருக்கலாம்.

ஆளைப் பற்றி அகல்யா சொல்லி எனக்குத் தெரியவில்லை. ஆனியில் கஞ்சி கொடுத்தார் என்று பேரோடு எழுதினாய். அதற்குப் பிறகு ஒரு கடிதத்திலும் அந்தப் பேர் இல்லை. கஞ்சி கொடுத்தவரை மறக்கிறவளா நீ? பேரை ஒளித்து வைக்கிறாய் என்றால் அது வெறும் பேர் இல்லை என்று அன்றைக்கே நினைத்தேன். நினைத்துவிட்டு நினைக்காதது போல இருந்தேன்.

ஆமாம், பாவு பிணைத்தேன். பிறந்த வீடு என்பதற்காக மட்டும் இல்லை. வீடு விற்காமல் இருந்தால், என்ன ஆயிற்று அண்ணி என்று கேட்டாவது நீ எழுதுவாய். விற்றுவிட்டால் எனக்கு எதற்கு எழுதப்போகிறாய்? அவ்வளவுதான் என் புத்தி. அன்பரசுவைப் பற்றிப் பேச ஊரில் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? உன் அண்ணாவுக்கு மனசு இளகினால் உடனே கொட்டாவி வந்துவிடும்.

நேற்று மஞ்சள் புடவையை முடித்து அறுத்துவிட்டேன். புதுப் பாவு கேட்கவில்லை. அந்தப் புடவை உனக்கு வரும் என்று எதிர்பார்க்காதே, முதலாளியிடம் கொடுத்தாயிற்று. அன்பரசு தறியில் வந்ததைக் கட்டிக்கொண்டு நீ இன்னொரு மாலைக்குக் குனிய வேண்டாம். அவரோடு கடைக்குப் போ, அவருக்குப் பிடித்த நிறத்தில் எடு. நெசவு பார்த்து எடு, ஏமாறாதே.

கல்யாண மாதத்தில் நீ இங்கே வந்து கிரயக் கையெழுத்துப் போடக் கூடாது. ரத்து செய்த பவரை எனக்குத் திரும்ப எழுதிக் கொடு. இந்தத் தடவை விற்பேன். நம் தெருக்கோடியில் வாடகைக்கு இருக்கும் நெசவுக்காரர்கள் தறியோடு கேட்கிறார்கள். நல்ல பிள்ளைகள்.

நீ நல்லா இருக்கணும். இதை மூன்று தடவை எழுதி அடித்தேன். எழுத்து ஒழுங்காக வரவில்லை, மனசில் ஒழுங்காகத்தான் இருக்கிறது.

லீலா


கோயம்புத்தூர்
03.02.2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை டூட்டி ரூமில் படித்தேன். நல்ல வேளை, பக்கத்தில் யாரும் இல்லை. உங்களுக்கும் அண்ணாவுக்கும் என் வணக்கம். அண்ணாவுக்குத் தனியாக நன்றி, எதற்கு என்று அவருக்குத் தெரியும்.

பவர் தர மாட்டேன். அன்பரசு எனக்கு விட்டுப்போன வேலை அது. பங்குனியில் நானே வந்து கையெழுத்துப் போடுகிறேன். தறியோடு கேட்கிறவர்களுக்கே கொடுத்துவிடலாம். அன்றைக்கு நீங்கள் ஆபீஸுக்கு வர வேண்டாம், வீட்டில் குழம்பு வைத்துக் காத்திருங்கள்.

மார்ச் இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, இங்கே கோயிலில் கல்யாணம். அடுத்து எழுதப்போவதற்குத்தான் இத்தனை நாள் கையில் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மணவாளனுக்கு அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை. தாலியில் அவர் ஒரு முடிச்சுப் போட்ட பிறகு மற்ற இரண்டையும் நாத்தனார் போட வேண்டுமே, யாரைக் கூப்பிடுவது என்று அவர் அம்மா கவலைப்பட்டார்கள். நான் ஒரு பேர் சொன்னேன். அம்மா தொடுத்துக்கொண்டிருந்த பூவைக் கீழே வைத்தார்கள். பிறகு, "அவங்க வருவாங்களாமா?" என்று கேட்டார்கள். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

கேட்கிறேன் அண்ணி. வருவீர்களா?

இனியா


சேவூர்
11.02.2025

என் இனியாவுக்கு,

நாங்கள் சுகம். மாப்பிள்ளைக்கும் அவர் அம்மாவுக்கும் என் வணக்கத்தைச் சொல்.

உன் கடிதத்தைப் படித்ததும் முடியாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன். என் கை ராசி எனக்குத் தெரியாதா? இந்தக் கை போட்ட முடிச்சு உனக்கு எட்டு வருஷம்தானே நின்றது. அதே கையைத் திரும்பவும் உன் கழுத்துக்குக் கொண்டு வருவதா? உன் அண்ணாவிடம் அதைத்தான் சொன்னேன். அவர் மருந்து தடவிக்கொண்டிருந்தார். தலையைக்கூடத் தூக்கவில்லை.

"முடிச்சு எங்கடி அவுந்துச்சு? லாரிதான வந்து மோதுச்சு. அன்னிக்குத் தாலிய எடுக்கச் சொன்னப்போ, நீ போட்ட முடிச்ச ஒருத்தராலயும் அவுக்க முடியாம கத்திரிக்கோல் தேடிகினு இருந்தாங்களே, மறந்துட்டியா?" என்றார். சொல்லிவிட்டு ஒரு கொட்டாவி விட்டார்.

மறக்கவில்லை. கத்திரிக்கோலை எடுத்துக் கொடுத்ததே நான்தான். அன்றிலிருந்து அந்தக் கையை எனக்குப் பிடிக்காமல் இருந்தது. இப்போது நீ அதையே கேட்கிறாய்.

வருகிறேன். சனிக்கிழமை காட்பாடியில் ரயில் ஏறுகிறோம். நாத்தனார் சீர் என்று ஒன்று உண்டு, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று மாப்பிள்ளையிடம் இப்போதே சொல்லிவை. குனியும்போது பின்னலை முன்பக்கம் போட்டுக்கொள், போன தடவை முடி மாட்டிக்கொண்டு மணமேடையில் கத்தினாய்.

கல்யாணத்தன்று அழ மாட்டேன். மறுநாளைக்கு உத்தரவாதம் இல்லை.

உன் நாத்தனார்,
லீலா